வெயிலையும் காற்றையும் நம்பி ஓடும் மின்சாரம்: ஸ்மார்ட் கிரிட் என்றால் என்ன?

2018 ஜனவரி நடுவிலிருந்து ஐரோப்பாவின் 25 நாடுகளில் ஒரு விசித்திரம் நடந்தது. அடுப்பில் இருக்கும் கடிகாரம், மைக்ரோவேவ் கடிகாரம், படுக்கையோரத்து ரேடியோ அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்க ஆரம்பித்தன. மார்ச் முதல் வாரத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் தாமதம். கைக்கடிகாரமும் செல்போனும் சரியாகவே ஓடின. சுவரில் செருகிய கடிகாரங்கள் மட்டும், அதுவும் நாடு விட்டு நாடு ஒரே அளவில், பிந்திக்கொண்டிருந்தன.

இந்த வகைக் கடிகாரங்களுக்குச் சொந்தமாக நேரம் கணிக்கும் கருவி கிடையாது. ஒயரில் வரும் மின்சாரம் அங்கே நொடிக்கு 50 முறை அலைபோல ஏறி இறங்கும் (இந்த எண்ணிக்கைதான் அதிர்வெண், இதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்). அந்த அலைகளை எண்ணி, 50 ஆனதும் ஒரு நொடி போயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் கொசோவோவில் தேவையைவிடக் குறைவாக மின்சாரம் உற்பத்தியானது, செர்பியாவோடு இருந்த தகராறில் அந்தக் குறையை யாரும் ஈடுகட்டவில்லை. விளைவாக, போர்ச்சுகலிலிருந்து துருக்கி வரை ஒன்றாகப் பிணைந்த ஒரு மாபெரும் கட்டமைப்பில் சராசரி அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 49.996 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. எங்கோ ஒரு மூலையில் விழுந்த துண்டு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருவர் வீட்டு அடுப்பின் கடிகாரத்தில் தெரிந்தது.

ஸ்மார்ட் கிரிட்டைப் புரிந்துகொள்ளத் தேவையான முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இங்கிருந்தே ஆரம்பிப்போம்.

டைனமோ வைத்த சைக்கிள்

பழைய சைக்கிள்களில் டயரோடு உரசி ஓடும் ஒரு சின்ன டைனமோ இருக்கும். அதைத் தட்டிவிட்டு விளக்கு எரியவிட்டால் உடனே பெடல் கனமாகிவிடும். அழுத்தம் கூட்டாமல் அதே மாதிரி மிதித்தால் வண்டி மெதுவாகும், விளக்கும் மங்கும். மின்நிலையத்தில் நடப்பதும் இதுதான். நீராவியோ தண்ணீரோ சுற்றிவிடும் பிரம்மாண்டமான ஜெனரேட்டர்தான் அங்கே டைனமோ, உங்கள் வீட்டு மின்விசிறியும் இன்னொருவர் தொழிற்சாலை மோட்டாரும் சேர்ந்துதான் விளக்கு. யாராவது ஒரு சுவிட்சைப் போட்டால் எங்கோ ஒரு ஜெனரேட்டருக்குக் கடுகளவு பாரம் கூடுகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போட்டால் பாரம் நிஜமாகவே ஏறி, சுழற்சி வேகம் குறைந்து, அதிர்வெண் இறங்கும். எல்லோரும் அணைத்துவிட்டால் தலைகீழாக, வேகம் கூடி அதிர்வெண் ஏறும்.

ஆக அதிர்வெண் என்பது அந்தக் கட்டமைப்பு முழுவதற்குமான நாடித்துடிப்பு. உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருந்தால் 50 (சில நாடுகளில் 60), பற்றாக்குறை என்றால் கீழே, மிகுதி என்றால் மேலே. இப்போது வரும் டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றில் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் இந்த எண்ணும் திரையில் வரும், சும்மா ஒருமுறை பார்த்து வையுங்கள். 49.97, 50.03 என்று ஆடிக்கொண்டே இருக்கும்.

இதில் மனதில் பதியவேண்டிய விஷயம் ஒன்றுதான். ஒயருக்குள் மின்சாரம் தேங்கி நிற்காது. தண்ணீர்க் குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், எரிவாயுக் குழாயில் கொஞ்சம் வாயு நிற்கும், மின்கம்பியில் அப்படி எதுவும் இல்லை. இந்த நொடியில் நீங்கள் எடுப்பது இந்த நொடியில் எங்கோ உற்பத்தியாக வேண்டும் அல்லது எங்கோ சேமிப்பிலிருந்து வெளிவர வேண்டும். நூறு வருடத்துக்கும் மேலாக மின்துறை செய்துவரும் வேலையின் சாரமே இந்தச் சமன்பாட்டை நொடிக்கு நொடி காப்பாற்றுவதுதான்.

பழைய முறை எப்படி வேலை செய்தது

1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின்நிலையத்தைத் தொடங்கினார். சில தெருக்களுக்கு விளக்கு, அவ்வளவுதான். அப்புறம் நிலையங்கள் பெரிதாகின, ஊருக்கு வெளியே போயின, கம்பிகள் நீண்டன. அனுப்புகிற திறன் அதேதான் என்றால், மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கும்போது மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் வெப்பமாக வீணாவது கால்வாசியாகும். அதனால்தான் தூரத்துக்குப் போகும் கம்பிகளில் 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் என்று பயமுறுத்தும் எண்களும், வீட்டருகே வரும்போது அதை இறக்கித் தரும் டிரான்ஸ்பார்மர்களும்.

இந்த அமைப்புக்கு ஒரே திசைதான் தெரியும். பெரிய நிலையம், உயரழுத்தக் கம்பி, துணை மின்நிலையம், தெருமுனை டிரான்ஸ்பார்மர், வீடு. மக்கள் எப்போது எவ்வளவு எடுப்பார்கள் என்பதை யாரும் கட்டுப்படுத்துவதில்லை, அவர்கள் எடுக்க எடுக்க நிலையங்கள் பின்னாலேயே ஓடி ஈடுகொடுக்கும். இதற்காக உலகத்தில் சில அற்புதமான ஏற்பாடுகளே நடந்திருக்கின்றன. 1990 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றதும், அதுவரை டிவி முன்னால் அசையாமல் இருந்த பிரிட்டன் எழுந்துபோய் மின்கெட்டிலைப் போட்டது, தேவை ஒரே வீச்சில் 2,800 மெகாவாட் எகிறியது. இப்படிப்பட்ட கணங்களுக்கென்றே அங்கே வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து டினோர்விக் என்ற நீர்மின் நிலையம் கட்டியிருக்கிறார்கள், மேலே உள்ள ஏரியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் சில நொடிகளில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் கொடுக்கும். அந்தக் கட்டுப்பாட்டு அறைகளில் டிவி நிகழ்ச்சி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் உண்டு.

இந்த அமைப்பின் பலவீனம் என்னவென்றால் கடைக்கோடியில் அதற்குக் கண் கிடையாது. பெரிய நிலையங்களும் உயரழுத்தக் கம்பிகளும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும். துணை மின்நிலையத்தைத் தாண்டிவிட்டால் இருட்டுதான். தெருவில் கரண்ட் போனது மின்வாரியத்துக்குத் தெரியவேண்டுமானால் யாராவது போன் செய்ய வேண்டும் என்ற நிலை உலகின் பெரும்பகுதியில் நேற்றுவரை இருந்தது, பல இடங்களில் இன்றும் இருக்கிறது.

வெயில் யாருடைய கட்டளைக்கும் வராது

நிலக்கரியும் எரிவாயுவும் எரித்துத்தான் இத்தனை காலம் ஓட்டினோம். அதன் கரியமிலவாயு எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதற்குள் இப்போது போகவில்லை. மாற்று கையில் இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. 2010இலிருந்து 2020க்குள் பெரிய சோலார் நிலையங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும் செலவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2023இல் உலக மின்சாரத்தில் சுமார் 30 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வழிகளில் வந்தது. 1882இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் திறந்த பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. 142 வருடக் கணக்கு அன்றோடு முடிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

அப்படியானால் நிலக்கரியை அணைத்துவிட்டு சோலார் பேனலை மாட்டினால் வேலை முடிந்ததா? இல்லை. சூரியனும் காற்றும் கட்டுப்பாட்டு அறையின் சொல்லுக்கு ஆடாது, இது முதல் சிக்கல். இரண்டாவது, சோலார் பேனல்களில் பல ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் இல்லாமல் லட்சக்கணக்கான கூரைகளில், அதாவது அமைப்புக்குக் கண் இல்லாத அதே கடைக்கோடியில் முளைக்கின்றன. ஒரே திசையில் ஓடிய தெருக் கம்பியில் மத்தியானம் மின்சாரம் எதிர்த்திசையில் ஏறி வருகிறது. மூன்றாவது சிக்கல் கொஞ்சம் நுட்பமானது, அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

முதல் சிக்கலின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை நடத்துகிறவர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளின் மொத்தத் தேவையிலிருந்து சோலாரும் காற்றும் தருவதைக் கழித்தால், மற்ற நிலையங்கள் தரவேண்டிய மிச்சம் எவ்வளவு என்று அதில் வரைந்திருந்தார்கள். காலையில் சுமாரான உயரம், பகலில் சோலார் பொழியப் பொழியக் கோடு வயிறுபோலத் தொங்கிவிடுகிறது, சாயங்காலம் சூரியன் இறங்கும் அதே நேரத்தில் மக்கள் வீடு திரும்பி எல்லாவற்றையும் போடுவதால் கழுத்துபோலச் செங்குத்தாக ஏறுகிறது. பார்க்க வாத்து மாதிரி இருப்பதால் வாத்து வளைவு என்றே பெயர். வருடாவருடம் அந்த வயிறு இன்னும் கீழே தொங்கியது, கழுத்து இன்னும் செங்குத்தாயிற்று.

இந்த வாத்துக்கு இரண்டு பக்கமும் வலி. சாயங்காலம் மூன்று மணி நேரத்துக்குள் ஏகப்பட்ட நிலையங்களை ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மத்தியானமோ மின்சாரத்தை வாங்க ஆளில்லை, அதனால் சோலார் நிலையங்களை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். வெயில் அடிக்கிறது, பேனல் தயாராக இருக்கிறது, வரும் மின்சாரத்தை வேண்டாம் என்கிறோம், அன்றைக்கே ராத்திரி எரிவாயுவை எரிக்கிறோம். நினைத்தாலே வயிறு எரிகிறது.

இதற்கெல்லாம் பதிலாக வந்ததுதான் ஸ்மார்ட் கிரிட். இது ஒரு கருவியின் பெயர் இல்லை, கடையில் வாங்கி மாட்டுகிற பொருளும் இல்லை. அதே கம்பிகள், அதே டிரான்ஸ்பார்மர்கள், ஆனால் ஒவ்வொரு கணுவிலும் என்ன நடக்கிறது என்று அளக்கவும், அளந்ததை உடனே சொல்லவும், சொன்னதைக் கேட்டு இரண்டு பக்கமும் தன்னை மாற்றிக்கொள்ளவும் முடிகிற கட்டமைப்பு. உற்பத்தி மட்டுமே தேவையின் பின்னால் ஓடிய காலம் போய், தேவையும் உற்பத்தியின் பின்னால் கொஞ்சம் ஓடக் கற்றுக்கொள்வதுதான் இதன் உயிர்.

கண்ணும் காதும்

பலருக்கு ஸ்மார்ட் கிரிட் என்றதும் ஸ்மார்ட் மீட்டர்தான் ஞாபகம் வரும். நியாயம்தான், கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான். இத்தாலி 2001லேயே ஆரம்பித்துச் சில வருடங்களில் சுமார் மூன்று கோடி மீட்டர்களை மாற்றியது. மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து குறித்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, 15 நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒருமுறை எவ்வளவு ஓடியது, மின்னழுத்தம் எப்படி இருந்தது என்று மீட்டரே அனுப்பிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. பல மீட்டர்களுக்குள் ஒரு சின்னச் சேமிப்பு இருக்கும், கரண்ட் போன அந்த நொடியில் அதில் மிச்சமிருக்கும் துளி ஆற்றலை வைத்து "எனக்கு மின்சாரம் நின்றுவிட்டது" என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். கடைசி மூச்சு என்றே இதைச் சொல்கிறார்கள். எந்தெந்த வீட்டிலிருந்து அந்தச் செய்தி வந்தது என்று பார்த்தால் பழுது எந்தக் கம்பத்தருகே என்று அலுவலகத்திலிருந்தே ஊகிக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீட்டரை மாற்றி, பில் போடுவதையும் இணைப்பைத் துண்டிப்பதையும் மட்டும் தூரத்திலிருந்து செய்தால் அது ஸ்மார்ட் கிரிட் ஆகாது. அதில் லாபம் விநியோகிப்பவருக்கு மட்டும்தான். நேரத்துக்கு ஏற்ற கட்டணம், பழுது சீக்கிரம் சரியாவது, கூரை சோலாரை இன்னும் நிறைய இணைக்க இடம், இவையெல்லாம் வீட்டுக்காரருக்குக் கிடைத்தால்தான் அந்த மீட்டருக்கு அர்த்தம். அதோடு, அரை மணிக்கொரு கணக்கு வெளியே போகிறது என்றால், நீங்கள் எப்போது எழுந்தீர்கள், எப்போது வீட்டில் ஆள் இல்லை என்பதும் சேர்ந்து போகிறது. நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2009இல் மேலவை நிறுத்தியதற்குப் பெரிய காரணம் இந்த அந்தரங்கப் பிரச்சினைதான், அப்புறம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். இந்தக் கேள்வியை யார் எழுப்பினாலும் அவரை முன்னேற்றத்துக்கு எதிரி என்று ஒதுக்கக் கூடாது.

மீட்டர் கடைக்கோடிக்கான கண். பெரிய கம்பிகளுக்கு வேறு ஒரு கண் இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சேர்த்து ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹாயோவில் பாரம் ஏறிச் சூடாகித் தொய்ந்த கம்பிகள் கீழே வளர்ந்திருந்த மரங்களில் பட்டுத் துண்டித்துக்கொண்டன, அந்த ஆரம்பம் சாதாரணமானது. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் ஒரு பிழையால் மௌனமாகிப்போய், அது மௌனமானதே ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. பழைய முறையில் அளவுகள் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் வரும், ஒவ்வோர் இடத்தின் அளவும் வெவ்வேறு கணத்தில் எடுத்ததாக இருக்கும். 1988இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் அருண் பட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் வேறொரு வழி கண்டார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தரும் நேரத்தை முத்திரையாகக் குத்தி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இடங்களின் மின்னலையை ஒரே கணத்தில் அளப்பது, அதுவும் நொடிக்குப் பல முறை. 2003க்குப் பிறகு இந்தக் கருவிகள் வேகமாகப் பரவின. முன்பு புகைப்படமாகத் தெரிந்தது இப்போது வீடியோவாகத் தெரிகிறது என்று சொல்லலாம்.

கண் இருந்தால் கையும் வேண்டும். நடுவில் தானாகத் திறந்து மூடும் சுவிட்சுகளை வைத்தால், பழுதான துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு வேறு வழியில் மின்சாரத்தைத் திருப்பிவிடலாம். ஆயிரம் வீடு இருட்டில் இருக்கவேண்டிய இடத்தில் ஐம்பது வீடு மட்டும் இருக்கும், மற்றவர்களுக்கு விளக்கு ஒருமுறை சிமிட்டியதோடு சரி.

காத்திருக்கக்கூடிய வேலைகள்

இப்போது வாத்துக்கு வருவோம். வயிற்றை நிரப்பவும் கழுத்தைக் குறைக்கவும் மிக மலிவான வழி, அவசரமில்லாத வேலைகளை நகர்த்துவது. லைட்டையோ மின்விசிறியையோ தள்ளிப்போடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வெந்நீர் ஹீட்டர் மத்தியானம் சுட்டாலும் சாயங்காலம் சுட்டாலும் தண்ணீர் சூடாகத்தான் இருக்கும். குளிர்பதனக் கிடங்கு கொஞ்ச நேரம் முன்னதாகவே கூடுதலாகக் குளிர்ந்து வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு எப்போது ஓடினாலும் தொட்டி நிறைந்தால் போதும். மின்சார காரோ இருபத்து நான்கு மணி நேரத்தில் பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கிறது, அதன் உரிமையாளருக்கு வேண்டியதெல்லாம் "காலை ஏழு மணிக்கு வண்டி தயாராக இருக்க வேண்டும்" என்பது மட்டும். அந்த ஒரு நிபந்தனைக்குள் எப்போது சார்ஜ் ஏற்றுவது என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் புதுமை அதிகமில்லை என்பதுதான் ஆச்சரியம். நியூசிலாந்தில் 1950களிலிருந்தே மின்கம்பி வழியாகவே ஒரு சமிக்ஞையை அனுப்பி, நெருக்கடியான நேரத்தில் வீடுகளின் வெந்நீர் ஹீட்டர்களை மட்டும் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கிறார்கள். இன்றைய வித்தியாசம், ஒவ்வொரு வீட்டோடும் தனித்தனியாகப் பேசலாம், அந்த வீடு பதிலும் சொல்லும். ஆயிரக்கணக்கான வீட்டு பேட்டரிகளையும் கார்களையும் ஹீட்டர்களையும் மென்பொருளால் கோத்து, சந்தையில் ஒரே மின்நிலையம்போல நிறுத்துகிறார்கள். மெய்நிகர் மின்நிலையம் என்பது இதன் பெயர். புகைபோக்கி கிடையாது, கட்டடம்கூடக் கிடையாது.

ஆனால் எல்லோரும் ஒரே சொல்லுக்கு ஒரே நொடியில் ஆடினால் அதுவே ஆபத்து. இரவு 12 மணிக்குக் கட்டணம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 12:00:00க்கு லட்சம் கார்கள் ஒன்றாகச் சார்ஜ் ஏற ஆரம்பித்தால் நள்ளிரவில் ஒரு புதிய உச்சம் முளைக்கும். பிரிட்டனில் வீட்டுச் சார்ஜர்களுக்கான விதியில் இதற்காகவே, 10 நிமிடம் வரை குலுக்கல் முறையில் ஒரு தாமதத்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெர்மனி இந்தப் பாடத்தை இன்னும் பெரிய அளவில் கற்றது. கூரை சோலார் வந்த புதிதில், அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் இன்வெர்ட்டர் (பேனல் தரும் நேர்திசை மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ற அலையாக மாற்றித் தரும் கருவி) உடனே கட்டமைப்பிலிருந்து விலகிவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அப்போது சோலார் மிகக் குறைவு, அது விலகினால் யாருக்கும் தெரியாது, பாதுகாப்பான விதியாகத்தான் தோன்றியது. ஆனால் சில வருடங்களில் கூரைகள் லட்சக்கணக்கில் பெருகிவிட்டன. ஒரு வெயில் மத்தியானத்தில் ஏதோ காரணத்தால் 50.2ஐத் தொட்டால், அத்தனை இன்வெர்ட்டரும் ஒரே கணத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். ஐரோப்பாக் கண்டமே திடீர் இழப்புக்காகக் கையிருப்பில் வைத்திருப்பது 3,000 மெகாவாட், இங்கே மறையப்போவது அதைப்போலப் பல மடங்கு. நல்லவேளை, நடப்பதற்கு முன்னால் கண்டுபிடித்து, 2012இல் சட்டம் போட்டு, ஏற்கெனவே மாட்டிய லட்சக்கணக்கான அமைப்புகளைத் தேடிப்போய் மாற்றியமைத்தார்கள். இப்போது அதிர்வெண் ஏற ஏற அவை படிப்படியாகத் தங்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். கருவி அதே கருவிதான், பெரும்பாலும் உள்ளே ஒரு விதியை மாற்றியதுதான் வித்தியாசம்.

பேட்டரியும் சுழலும் இரும்பும்

பேட்டரி பற்றிப் பேசும்போது இரண்டு அளவுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். மெகாவாட் என்பது குழாயின் அகலம், மெகாவாட்மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. 2016 செப்டம்பரில் புயல் அடித்துத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருட்டானது. அடுத்த வருடமே அங்கே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட்மணி பேட்டரி வந்தது, அன்று உலகிலேயே பெரியது. முழு வேகத்தில் திறந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அதன் பெருமை தொட்டியில் இல்லை, வேகத்தில். அதிர்வெண் சரிய ஆரம்பித்ததும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் தாங்கிப் பிடிக்கிறது, எரிவாயு நிலையம் மூச்சு வாங்கி எழுந்து வருவதற்குள். மத்தியான வெயிலைச் சாயங்காலத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பேட்டரிகள் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது அதற்குப் பிறகு. மலைமேல் தண்ணீரை ஏற்றிவைக்கும் பழைய முறைதான் தொட்டியின் கொள்ளளவில் இன்றும் உலகின் மிகப் பெரிய மின்சேமிப்பு, போட்டதில் நான்கில் ஒரு பங்கு போல இழந்தாலும்.

முன்னே தள்ளிவைத்த மூன்றாவது சிக்கல் இங்கேதான் வருகிறது. நிலக்கரி நிலையத்தில் பல நூறு டன் இரும்பு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றுகொண்டிருக்கிறது. ஒரு நிலையம் திடீரென்று போய்விட்டால், மற்றவற்றின் சுழலும் கனம் வேகம் குறைய மறுத்துச் சில நொடி தாக்குப்பிடிக்கும், அந்தச் சில நொடிக்குள் மற்ற ஏற்பாடுகள் நடந்துவிடும். சோலாருக்குச் சுழலும் பகுதியே இல்லை. அதன் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை, கம்பியில் ஏற்கெனவே இருக்கும் அலையைப் பார்த்து அதன்படி தாளம் போடுகிறவை. எல்லோரும் பின்தாளம் போடுகிறவர்களாகிவிட்டால் முன்னின்று பாட யார்? அதற்காகத்தான் அலையைத் தானே உருவாக்கித் தரக்கூடிய புதிய வகை இன்வெர்ட்டர்களைப் பேட்டரிகளோடு மாட்டுகிறார்கள். மின்சாரம் உற்பத்தி செய்யாமல் சும்மா சுழன்று கனத்தை மட்டும் தரும் இயந்திரங்களையும் சில நாடுகள் நிறுவுகின்றன.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் சில நொடிகளில் இருண்டபோது, சோலார்தான் காரணம் என்று உடனே ஒரு சத்தம் எழுந்தது. விசாரணையில் தெரிந்தது, அன்று மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, அதைத் தாங்காமல் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின என்பது. மின்னழுத்தத்தை அடக்கும் வேலையைச் செய்யக்கூடிய திறன் நவீன இன்வெர்ட்டருக்கு உண்டு, அங்கே பெரும்பாலான சோலார் நிலையங்களிடம் அந்த வேலையை யாரும் கேட்டிருக்கவில்லை. ஜெர்மனியின் 50.2 மாதிரிதான், கருவியைவிட அதற்கு வைத்த விதியில்தான் ஓட்டை.

தானாக இயங்கும் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து யாரோ இயக்கவும் முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் கட்டுப்பாட்டு அறைக் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் சுட்டியை நகர்த்தித் துணை மின்நிலைய சுவிட்சுகளைத் திறந்துவிட்டார்கள், இரண்டேகால் லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்ப வந்ததற்குக் காரணம், ஆட்கள் வண்டியெடுத்துப் போய் அந்த சுவிட்சுகளைக் கையால் மூடியதுதான். எவ்வளவு நவீனமாக்கினாலும் அந்தக் கையால் மூடும் வழியை எடுத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் தீராத கணக்கு

மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்கு மின்சாரத்தை நகர்த்துவது இன்று தெரிந்த வித்தை. ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவத்துக்கு நகர்த்துவதுதான் கஷ்டம். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் சில நாட்கள் தொடர்ந்து வெயிலும் இருக்காது காற்றும் அடிக்காது, தேவை மட்டும் உச்சத்தில் நிற்கும். ஜெர்மன் மொழியில் இருண்ட மந்தம் என்ற பொருளில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. வேறு சில நாடுகளில் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மேகம் கலையாது. தினமும் நிரம்பி தினமும் காலியாகும் பேட்டரி தன் செலவை மீட்டுவிடும், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் பேட்டரியைக் கட்டினால் கட்டுப்படியாகாது.

ஒரு பதில் தூரம். இங்கே மேகம் என்றால் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கலாம். சீனா ஷின்ஜியாங்கிலிருந்து கிழக்கே 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 1,100 கிலோவோல்ட் நேர்திசை மின்பாதை ஒன்றை இயக்குகிறது, ஒரே பாதையில் 12,000 மெகாவாட் வரை போகும். இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் டெக்சஸ். அண்டை மாநிலங்களோடு மிக மெல்லிய இணைப்பே வைத்திருந்த அது, 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் எரிவாயுக் குழாய்களும் நிலையங்களும் உறைந்தபோது வெளியிலிருந்து போதிய அளவு வாங்க வழியில்லாமல், முழுக் கட்டமைப்பும் சரிவதற்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தூரம் வரை போய்த் தப்பியது.

மிகுதியாக வரும் காலத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேர்த்து வைக்கலாம் என்பது இன்னொரு பதில். செய்யலாம், ஆனால் திரும்ப மின்சாரமாக்கும்போது போட்டதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. தேவைக்கு மேலாகவே சோலாரையும் காற்றாலையையும் கட்டிவிட்டு, மிஞ்சுவது மிஞ்சட்டும் என்று விடலாம் என்பாரும் உண்டு, சோலார் இவ்வளவு மலிவான பிறகு அது முன்போல விசித்திரமான யோசனையாகத் தெரியவில்லை. ஏற்கெனவே இருக்கும் அணைகளின் தண்ணீரை வெயிலும் காற்றும் உள்ள நாட்களில் தொடாமல் காத்து, இரண்டும் இல்லாத வாரங்களில் திறப்பது நார்வே போன்ற அணைகள் நிறைந்த நாடுகளுக்கு இயல்பாகவே அமைகிறது. கடலடிக் கேபிள்கள் வழியாக அக்கம்பக்கத்து நாடுகளும் அதில் பங்கு பெறுகின்றன, டென்மார்க்கில் காற்று பலமாக அடிக்கும் இரவில் நார்வே தன் தண்ணீரை அணையிலேயே வைத்துக்கொண்டு அந்தக் காற்றின் மின்சாரத்தை வாங்குகிறது, காற்று நின்றதும் மதகைத் திறக்கிறது.